பயணத்துக்கு டேப்லெட்: எதை வாங்குவது, போகிற இடத்தில் இணையம் எப்படிப் பிடிப்பது

டேப்லெட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். பயணத்துக்காக வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அந்தக் கருவிக்கு இணையம் எந்த வழியில் வரப்போகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். போனிலிருந்தா, அதற்கென்று தனி சிம்மிலிருந்தா, தங்கும் இடத்து வைஃபையிலிருந்தா? இது தெளிவானால் பாதி மாடல்கள் தாமாகவே கழிந்துவிடும், பணமும் மிச்சமாகும்.

தமிழ்நாட்டிலிருந்து கிளம்புகிறவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். காசிக்கு ரயிலில் போகும் குடும்பம், நேபாளத்தின் முக்திநாத் யாத்திரைக்காரர்கள், சிங்கப்பூரில் மகள் வீட்டில் ஒரு மாதம் இருக்கப் போகும் பெற்றோர், துபாய்க்கு வேலை விஷயமாகப் போகிறவர் என்று இவர்கள் எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது.

முதல் வேலை: சிம் மாடலா, வைஃபை மாடலா

டேப்லெட்கள் இரண்டு வகையாக வருகின்றன. வைஃபை மட்டும் உள்ளவை, சிம்மும் ஏற்பவை. ஆண்ட்ராய்டில் இரண்டுக்கும் விலை வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய். ஐபேடில் அது பெரிது. 2025இல் வந்த சாதாரண ஐபேடின் வைஃபை மாடல் 34,900 ரூபாய்க்கும் சிம் மாடல் 49,900 ரூபாய்க்கும் அறிமுகமாயின. பதினைந்தாயிரம் அதிகம்!

என் கருத்து: கையில் நல்ல 4ஜி அல்லது 5ஜி போன் இருப்பவருக்கு வைஃபை மாடல் போதும். போனில் ஹாட்ஸ்பாட் போட்டால் டேப்லெட்டில் இணையம் வந்துவிடும். மிச்சமாகும் பணத்தில் சேமிப்பிடம் அதிகமுள்ள மாடலை வாங்கலாம். பயணத்தில் சிம்மைவிட அதுதான் அதிகம் உதவும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

சிம் மாடல் உண்மையிலேயே தேவைப்படுவது மூன்று வகையினருக்கு. பட்டன் போன் வைத்திருக்கும், அல்லது ஹாட்ஸ்பாட் போடத் தெரியாத பெரியவர்கள் முதல் வகை. "அப்பா, செட்டிங்ஸ் போய் அதைத் தட்டுங்க" என்று போனில் வழிகாட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். இரண்டாவது, வழியெல்லாம் டேப்லெட்டிலேயே வரைபடம் பார்த்து வண்டி ஓட்டுகிறவர்கள். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜிபிஎஸ் சில்லே கிடையாது, சிம் மாடலில் மட்டும்தான் உண்டு. ஆண்ட்ராய்டு வைஃபை மாடல்கள் பலவற்றில் ஜிபிஎஸ் இருக்கும், ஆனாலும் விவரப் பட்டியலில் பார்த்துவிட்டே வாங்குங்கள். மூன்றாவது, நாள் முழுக்க வெளியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள். ஹாட்ஸ்பாட் ஓடினால் போனின் பேட்டரி மதியத்துக்குள் காலியாகிவிடும்.

சிம் மாடல் என்று முடிவு செய்தால் இன்னும் மூன்று சங்கதி இருக்கிறது. ஒன்று, 2024 மே முதல் ஆப்பிள் வெளியிட்ட புதிய சிம் மாடல் ஐபேட்களில் சிம் செருகும் இடமே இல்லை, இ-சிம் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும், அட்டை தேவைப்படாத சிம்) மட்டும்தான். உங்கள் நிறுவனம் ஐபேடுக்கு இ-சிம் தருமா என்று வாங்கும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு, ஐபேடில் சிம் இருந்தாலும் சாதாரண எஸ்எம்எஸ் வராது. அதனால் வங்கி ஓடிபியை அதில் எதிர்பார்க்காதீர்கள். மூன்று, அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வரும் சிம் மாடலில் அலைவரிசை பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இந்திய 4ஜியில் பேண்ட் 3, 5, 40 ஆகியவை முக்கியம். விவரப் பட்டியலில் 40 இல்லை என்றால் சில ஊர்களில் சிக்னல் நொண்டும்.

அளவும் எடையும்

கடையில் எல்லாரையும் இழுப்பது 11 அங்குலத் திரை. படம் பார்க்க அருமைதான், ஆனால் எடை 480 கிராம் பக்கம் வரும். உறை போட்டால் முக்கால் கிலோவை நெருங்கும். மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு ஒரு கையால் பிடித்துப் பாருங்கள், பத்து நிமிடத்தில் மணிக்கட்டு பேசும். 8 முதல் 9 அங்குலம் வரை உள்ளவை 300 முதல் 375 கிராம்தான். ஐபேட் மினி, சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9, ரெட்மி பேட் எஸ்இ 4ஜி எல்லாம் இந்த அளவில் வருபவை. தோள்பையின் முன் அறையில் நுழையும், பேருந்தில் நின்றுகொண்டே படிக்கலாம். பயணத்துக்கென்றே வாங்குபவர்களுக்கு நான் சொல்வது இந்த அளவைத்தான்.

கண் மங்கலான பெரியவர்களுக்கும், இரண்டு பிள்ளைகள் சேர்ந்து பார்க்கும் வீட்டுக்கும் 11 அங்குலம் சரி. 13 அங்குலம் வேண்டாம், அதற்கு மடிக்கணினியே எடுத்துப் போகலாம்.

கடையில் செய்ய வேண்டிய சோதனை எளிது. வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்து திரை தெரிகிறதா பாருங்கள். ஒரு தமிழ் நாளிதழின் பிடிஎஃப் பக்கத்தைத் திறந்து, பெரிதாக்கி, வேகமாக நகர்த்துங்கள். திக்கித் திக்கி நகர்ந்தால் ஒரு வருடத்தில் அது இன்னும் மோசமாகும். தமிழில் எழுதுபவர் என்றால் விசைப்பலகையையும் தட்டிப் பாருங்கள். ஐபேடில் தமிழ்99, அஞ்சல் இரண்டும் கூடவே வருகின்றன. ஆண்ட்ராய்டில் ஜிபோர்டு போட்டால் தமிழில் பேசியே எழுதலாம்.

விவரப் பட்டியலில் பார்க்க வேண்டியவை

ரேம் 4 ஜிபிக்குக் குறையக் கூடாது, 6 இருந்தால் நிம்மதி. சேமிப்பிடம் ஆண்ட்ராய்டில் 64 ஜிபியும் மைக்ரோ எஸ்டி கார்டு இடமும் இருந்தால் போதும். ஐபேடில் கார்டு போட முடியாது, அதனால் 128 ஜிபியாவது வேண்டும். சார்ஜ் செய்யும் துளை யுஎஸ்பி-சி ஆக இருக்கட்டும். போனுக்கும் டேப்லெட்டுக்கும் ஒரே கேபிள் போதும்.

பலரும் கவனிக்காத ஒன்று வைட்வைன் எனப்படும் பாதுகாப்புத் தரம். நெட்ஃபிளிக்ஸ், பிரைம் போன்றவை எல்1 தரம் உள்ள ஆண்ட்ராய்டு கருவிகளுக்குத்தான் ஹெச்டி படம் அனுப்பும். எல்3 மட்டும் இருந்தால் திரை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் படம் மங்கலாகத்தான் ஓடும். பெயர் தெரியாத மலிவு டேப்லெட்களில் இந்தக் குறை அடிக்கடி இருக்கும். எத்தனை வருடம் பாதுகாப்பு அப்டேட் தருவார்கள் என்பதும் அவற்றில் தெரியாது. பயணத்தில் வங்கிக் கணக்கும் திறக்கப் போகிற கருவி அது, அதனால் அந்த வகையை விட்டுவிடலாம்.

கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் செய்ய வேண்டியது

வீட்டில் நிரப்பிக்கொண்டு போவதுதான் வழியில் கிடைக்கும் மிக மலிவான இணையம். கன்னியாகுமரியிலிருந்து பனாரஸ் போகும் காசி தமிழ்ச் சங்கம எக்ஸ்பிரஸில் இரண்டு நாளுக்கும் மேல் பயணம். நடுவில் காடும் மலையும் வரும்போது எந்த நிறுவனத்தின் சிக்னலும் வந்து வந்து போகும். அப்போது கைகொடுப்பது சேமித்து வைத்ததுதான். சேமிப்பிடம் முக்கியம் என்று சொன்னது இதற்காகவே.

போகும் ஊர்களின் வரைபடத்தை கூகுள் மேப்ஸில் இறக்கிவையுங்கள். இணையம் இல்லாமல் அது கார் வழியை மட்டுமே சொல்லும், நடைவழியும் பேருந்து நேரமும் வராது. காசியின் சந்துகளில் நடப்பதற்கு அது போதாது, அதனால் ஆர்கானிக் மேப்ஸ் போன்ற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் தமிழ், இந்தி இரண்டு மொழித் தொகுப்புகளையும் இறக்கினால் இணையம் இல்லாமலே மொழிபெயர்க்கும். டிக்கெட், ஓட்டல் ரசீது, பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் ஆகியவற்றைப் பிடிஎஃப் ஆக டேப்லெட்டுக்குள்ளேயே வையுங்கள். மின்னஞ்சலில் இருக்கிறது என்று விட்டுவிட்டால், தேவைப்படும் நேரத்தில்தான் மின்னஞ்சல் திறக்காது.

படங்களை இறக்கும்போது காலாவதியைப் பாருங்கள். பல ஆப்களில், பார்க்கத் தொடங்கிய 48 மணி நேரத்தில் படம் தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் சில இந்திய ஆப்கள் ஓடவே ஓடாது. பிள்ளைகளின் கார்ட்டூனை நம்பி விமானம் ஏறுபவர்கள், ஒருமுறை ஏரோப்ளேன் மோடில் போட்டு எல்லாம் ஓடுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள்.

அப்புறம், ஹாட்ஸ்பாட் பயன்படுத்துபவர்களுக்கு மிக முக்கியமான ஒன்று. டேப்லெட்டுக்கு உங்கள் போனும் ஒரு வைஃபைதான். "வைஃபை கிடைத்துவிட்டது" என்று நினைத்து அப்டேட்களை இறக்கும், போட்டோக்களை மேலே ஏற்றும். தினம் 1.5 ஜிபி என்றிருக்கும் டேட்டா காலை காபிக்குள் காலி. இதைத் தடுக்க ஐபேடில் அந்த வைஃபையின் பெயரைத் தட்டி "லோ டேட்டா மோட்" போடுங்கள். ஆண்ட்ராய்டில் அதே இடத்தில் "மீட்டர்டு" என்று மாற்றுங்கள். போட்டோ பேக்கப்பையும், ப்ளே ஸ்டோரின் தானியங்கி அப்டேட்டையும் ஊர் திரும்பும் வரை நிறுத்திவையுங்கள்.

டேட்டா எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு. நெட்ஃபிளிக்ஸ் குறைந்த தரத்தில் மணிக்கு 0.3 ஜிபி வரையும், நடுத்தரத்தில் 0.7 ஜிபி வரையும், ஹெச்டியில் 3 ஜிபி வரையும் எடுக்கும். செய்தி, வாட்ஸ்அப், வரைபடம் மட்டும் என்றால் நாளுக்கு 1 ஜிபியே தாராளம். வாட்ஸ்அப் போன் எண்ணை இணைத்தால் டேப்லெட்டிலும் ஓடும், ஐபேடுக்கான தனி ஆப் 2025 மே மாதம் வந்தது.

இந்தியாவுக்குள் போகும்போது

ப்ரீபெய்டு திட்டங்களில் அன்றைய டேட்டா தீர்ந்ததும் வேகம் 64 கேபிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். அதில் எழுத்து வரலாம், படம் வராது. பயணத்துக்கு முந்தின நாளே கூடுதல் டேட்டா பேக் போட்டுவிடுங்கள். குடும்பத்தில் இரண்டு பேர் இருந்தால் வெவ்வேறு நிறுவன சிம் வைத்திருப்பது நல்லது. ஒன்றில் சிக்னல் இல்லாத இடத்தில் மற்றொன்றில் இருக்கும், யாரிடம் இருக்கிறதோ அவர் ஹாட்ஸ்பாட் போடலாம்.

காஷ்மீர், லடாக் போகிறவர்கள் இதைத் தவறவிடாதீர்கள்: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. போஸ்ட்பெய்டு மட்டும்தான். ஸ்ரீநகரில் இறங்கி போனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் எண்ணையாவது கிளம்பும் முன் போஸ்ட்பெய்டுக்கு மாற்றுங்கள், மற்றவர்களுக்கு அவரது ஹாட்ஸ்பாட் போதும். இல்லையென்றால் அங்கே போய் ஆவணம் கொடுத்து உள்ளூர் சிம் வாங்க வேண்டும்.

ரயில் நிலையங்களில் ரயில்வேயின் ரயில்டெல் நிறுவனம் நடத்தும் ரயில்வயர் வைஃபை உண்டு. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கி, இப்போது 6,100க்கும் மேற்பட்ட நிலையங்களில் இருக்கிறது. பிரவுசரைத் திறந்து செல்பேசி எண் கொடுத்து, போனுக்கு வரும் ஓடிபியை டேப்லெட்டில் போட வேண்டும். தினம் முதல் 30 நிமிடம் 1 எம்பிபிஎஸ் வேகத்தில் இலவசம், அதற்குமேல் கட்டணத் திட்டம். இது நிலையத்தில் காத்திருக்கும்போதுதான், ஓடும் வண்டியில் கிடைக்காது. தீப்பிடிக்கும் அபாயம் கருதி இரவு 11 முதல் காலை 5 வரை பல வண்டிகளில் சார்ஜிங் பாயின்ட்டை நிறுத்திவிடுவார்கள் என்பதால் தூங்கப் போகும் முன்பே சார்ஜ் ஏற்றிக்கொள்ளுங்கள்.

வெளிநாடு போகும்போது

மூன்று வழி இருக்கிறது: இந்திய எண்ணிலேயே ரோமிங் பேக், போய் இறங்கி உள்ளூர் சிம், இ-சிம்.

நான்கைந்து நாள் பயணத்துக்கு ரோமிங் பேக் வசதி. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் இறங்கியதும் இணையம் வரும், அலைச்சல் இல்லை. பேக் போடும்போது நாடுகளின் பட்டியலைப் படியுங்கள். விமானத்திலும் கப்பலிலும் இருக்கும் செயற்கைக்கோள் நெட்வொர்க்குக்குத் தனிக் கட்டணம். சொகுசுக் கப்பலில் ஏறியதும் ஏரோப்ளேன் மோடுக்கு மாற்றாதவர்களுக்கு பில் அதிர்ச்சி தரும்.

ஒரு வாரத்துக்கு மேல் என்றால் உள்ளூர் சிம்தான் லாபம். கொழும்பு பண்டாரநாயக்க விமான நிலையத்தில் வெளியே வரும் வழியிலேயே டயலாக், மொபிடெல், ஹட்ச் கவுண்டர்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1. மலேசியாவில் மேக்சிஸின் ஹாட்லிங்க், செல்காம்டிஜி, யு மொபைல். முக்திநாத் போகிறவர்கள் காத்மாண்டுவில் என்டிசி அல்லது என்செல் சிம் வாங்கலாம். எங்கும் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். கவுண்டரை விட்டு நகரும் முன் அங்கேயே சிம்மைப் போட்டு, ஒரு பக்கம் திறந்து, டேப்லெட்டுக்கு ஹாட்ஸ்பாட்டும் கொடுத்துப் பாருங்கள். சில சுற்றுலா சிம்களில் ஹாட்ஸ்பாட் கொடுக்க முடியாதபடி பூட்டியிருப்பார்கள்.

ஐரோப்பியச் சுற்றுலாவுக்கு நாட்டுக்கு ஒரு சிம் வேண்டாம். 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கிய சிம் மற்ற ஒன்றிய நாடுகளிலும் கூடுதல் கட்டணமின்றி வேலை செய்யும். சுவிட்சர்லாந்தும் பிரிட்டனும் இதில் சேராது. நம் ஊர் டூர் பேக்கேஜ்களில் சுவிட்சர்லாந்து இல்லாமல் இருக்காது, அதனால் அந்தப் பெயர் திட்டத்தில் இருக்கிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஜப்பானில் விமான நிலையத்திலேயே பாக்கெட் வைஃபை வாடகைக்குக் கிடைக்கும். நான்கு பேர் குடும்பத்துக்கு அது ஒன்று போதும்.

இ-சிம் எளிதான வழி, வீட்டிலிருந்தே வாங்கிப் போடலாம். ஆனால் இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு சிக்கல். ஏரலோ, ஹோலாஃப்ளை ஆகிய ஆப்களை 2024 தொடக்கத்தில் தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி ஆப்பிளும் கூகுளும் இந்திய ஸ்டோரிலிருந்து நீக்கின. வெளிநாட்டு சிம் விற்க இங்கே அனுமதி தேவை. அதனால் இந்தியாவில் அனுமதி பெற்று விற்கும் நிறுவனங்களிடம் வாங்குங்கள், அல்லது இறங்கிய பிறகு உள்ளூர் கவுண்டரில் இ-சிம்மாகவே கேளுங்கள்.

எந்த வழியில் போனாலும் இந்திய சிம்மைப் போனிலிருந்து எடுக்காதீர்கள். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். கிளம்பும் முன் ரோமிங் வசதியைத் திறந்துவைத்து, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். எஸ்எம்எஸ் வருவதற்குப் பெரும்பாலும் கட்டணம் இல்லை. இரண்டு சிம் போனில் ஒன்று இந்திய எண், மற்றொன்று உள்ளூர் டேட்டா, அதிலிருந்து டேப்லெட்டுக்கு ஹாட்ஸ்பாட் என்பதுதான் எனக்குத் தெரிந்து சிக்கல் குறைந்த ஏற்பாடு.

துபாயில் வாட்ஸ்அப் செய்தி போகும், ஆனால் உள்ளூர் இணையத்தில் அழைப்பு போகாது. வீட்டாரோடு பேச போட்டிம் ஆப்பை இரு பக்கமும் முன்பே போட்டுவையுங்கள். சீனாவில் கூகுள், வாட்ஸ்அப் இரண்டும் முடக்கம். ரோமிங்கில் அந்த முடக்கம் பொதுவாக இருக்காது, அதனால் அங்கே மட்டும் உள்ளூர் சிம்மைவிட இந்திய ரோமிங்தான் நல்லது.

ஓட்டல் வைஃபை இணையவில்லை என்றால்

வைஃபை இணைந்தது என்று காட்டும், ஆனால் உள்நுழையும் பக்கம் வராது. பெரும்பாலும் காரணம் நம் கருவியில்தான். விபிஎன் போட்டிருந்தால் அணையுங்கள். ஆண்ட்ராய்டில் "பிரைவேட் டிஎன்எஸ்" என்பதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிறகு வைஃபையை அணைத்துப் போட்டால் பக்கம் திறக்கும். அறைக்கு இரண்டு கருவிதான் என்ற இடங்களில், டேப்லெட் தன் மேக் முகவரியை (நெட்வொர்க் கருவியை அடையாளம் காணும் எண்) மாற்றி மாற்றிக் காட்டுவதால் ஒன்றே இரண்டாக எண்ணப்படும். அந்த நெட்வொர்க்குக்கு மட்டும் முகவரி மாற்றத்தை அணைக்கலாம். ஓட்டல், விமான நிலைய வைஃபையில் பணம் அனுப்புவதைத் தவிர்த்து, அதற்கு மட்டும் போன் டேட்டாவுக்கு மாறிக்கொள்ளுங்கள்.

பவர் பேங்க், பிளக்

பவர் பேங்க்கைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணி வரை தனி அனுமதி வேண்டாம், 160க்கு மேல் எடுத்துப் போகவே முடியாது. கணக்கு இதுதான்: பவர் பேங்க்கில் அச்சிட்டிருக்கும் எம்ஏஹெச் எண்ணை 3.7ஆல் பெருக்கி 1,000ஆல் வகுங்கள். 20,000 எம்ஏஹெச் என்றால் 74 வாட்-மணி, தாராளமாகப் போகலாம். எழுத்து அழிந்துபோன பழைய பவர் பேங்க்கைச் சோதனையில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் முதலும், எமிரேட்ஸ் அதே ஆண்டு அக்டோபர் முதலும் விமானத்துக்குள் பவர் பேங்க்கால் சார்ஜ் செய்வதைத் தடுத்துவிட்டன. ஏறும் முன்பே டேப்லெட்டை முழுக்க ஏற்றிவிடுங்கள்.

10,000 எம்ஏஹெச் என்று அச்சிட்டிருந்தாலும் கருவிக்குள் போய்ச் சேருவது 6,000 சொச்சம்தான். 11 அங்குல டேப்லெட்களில் பேட்டரி பெரும்பாலும் 7,000, 8,000 என்று இருக்கும், ஒரு முறைகூட முழுதாக ஏறாது. டேப்லெட் வைத்திருப்பவர்கள் 20,000 வாங்குங்கள்.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், லண்டன் எல்லாம் சதுரப் பின் பிளக். இலங்கையில் நம் ஊர் உருண்டைப் பின்னும் சதுரப் பின்னும் கலந்து இருக்கும். நம் இரண்டு பின் சார்ஜர் ஐரோப்பாவில் பெரும்பாலும் அப்படியே நுழையும். ஜப்பானில் தட்டைப் பின், 100 வோல்ட். சார்ஜரில் 100–240 என்று எழுதியிருந்தால் கவலை வேண்டாம், பின் மாற்றி மட்டும் போதும்.

தொலைந்துபோனால்

கிளம்பும் முன்பே திரைப்பூட்டு போட்டு, ஐபேடில் "ஃபைண்ட் மை", ஆண்ட்ராய்டில் கூகுளின் தேடும் வசதி இரண்டும் ஓடுகின்றனவா பாருங்கள். பெட்டியில் இருக்கும் வரிசை எண்ணையும், சிம் மாடல் என்றால் ஐஎம்இஐ எண்ணையும் (நெட்வொர்க்கில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண்) போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் தொலைந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அந்த நகலோடு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் ஐஎம்இஐயை முடக்கலாம். அதன் பிறகு இந்தியாவின் எந்த நெட்வொர்க்கிலும் அதில் சிம் வேலை செய்யாது. வைஃபை மட்டும் உள்ள மாடலுக்கு ஐஎம்இஐ கிடையாது, எனவே இந்த வழி அதற்கு உதவாது. வேறொரு கருவியிலிருந்து கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் நுழைந்து உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, கடவுச்சொல்லை அன்றே மாற்ற வேண்டியதுதான்.